வந்திறங்கிய கரையும் உலாவச் சென்ற கரையும்

கடற்கரை தமிழர்க்குப் புதியதோர் இடமன்று. நிலத்தை ஐந்தாகப் பகுத்த பண்டைத் தமிழ் மரபு, கடலையும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் எனப் பெயரிட்டு, அதற்குரிய உணர்வு இரங்கல் என வகுத்தது. ஆயினும் கடற்கரை இரங்குவதற்கு மட்டுமே உரிய இடமாகத் தமிழர் வாழ்வில் இருந்ததில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், முழுநிலா நாளன்று மீன்பிடித் தொழிலை நிறுத்திவைத்த காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், உண்டும் விளையாடியும் மகிழ்கின்றனர். கடலில் ஆடி, உடலில் படிந்த உப்பு நீங்க ஆற்று நீரில் மீண்டும் குளிக்கின்றனர். சிலப்பதிகாரத்திலோ, இந்திர விழாவின் முடிவில் புகார் நகர மக்கள் கடலாடச் செல்லும் காட்சிக்கெனக் கடலாடு காதை என்று ஒரு காதையே அமைந்துள்ளது.

இவ்விரு காட்சிகளிலும் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பரதவர் கடலாடிய நாள் தொழில் நின்ற நாள். புகார் மக்கள் கடற்கரைக்குச் சென்றது விழாக் காலத்தில். ஓய்வு நாள் வேண்டும். விரும்பிய இடத்திற்குச் சென்றுவர உரிமை வேண்டும். செலவிடக் கையில் சிறிதேனும் பொருள் வேண்டும். இம்மூன்றும் கூடிய பொழுதே மனிதன் உலாவச் செல்கின்றான். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தபோதும் அவனுக்கு அது எட்டாத பொருளே ஆகும்.

அதே பட்டினப்பாலை, புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் கூறுகின்றது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் கண்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா மாநிலப் பகுதியாகும். வணிகராகவும் மாலுமிகளாகவும் தமிழர் இக்கடலைக் கடந்த காலம் அது. பின்னாளில், பத்தொன்பதாம் இருபதாம் நூற்றாண்டுகளில், அதே கடலைக் கடந்து இந்நாட்டின் மேற்குக் கரையில் இறங்கிய தமிழருட் பெரும்பாலோர் தொழிலாளராக வந்தவர்கள். அவர்கள் இறங்கிய கரைக்கு அவர்களுடைய பிள்ளைகள் உலாவச் செல்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் காலத்தின் கதையே கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் சுற்றுலா வரலாறாகும்.

கிள்ளான் துறையும் இருப்புப் பாதையும்

சிலாங்கூரின் பழைய வாயில் கிள்ளான் ஆறு. கடலிலிருந்து இவ்வாற்றின் வழியாகவே மக்களும் பொருள்களும் உள்நாட்டிற்குச் சென்றனர். ஈய வணிகத்திற்காக ராஜா அப்துல்லா கட்டிய கிடங்கு 1857-இல் கிள்ளானில் எழுந்தது; இன்றும் அது நின்று நிலைத்துள்ளது. அதே 1857-இல்தான் அவர் ஈயம் தேடி அம்பாங் பகுதிக்குச் சீனத் தொழிலாளரை அனுப்பினார். கோலாலம்பூரின் தொடக்கம் அதுவே எனலாம். ஆற்று முகத்தில் பிறந்த செல்வம் ஆற்றின் மேற்பகுதியில் புதிய நகரை உண்டாக்கியது. 1880-இல் சிலாங்கூரின் நிருவாகத் தலைநகரும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை 1886-இல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் அமைந்தபின் இரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1899-இல் பாதை ஆற்று முகம் வரை நீண்டது. அங்கே அமைந்த புதிய துறைமுகம் 1901 செப்டம்பர் திங்களில் திறக்கப்பட்டு, பிரிட்டிஷ் அதிகாரியான பிராங்க் சுவெட்டன்காமின் பெயரால் போர்ட் சுவெட்டன்காம் என வழங்கலாயிற்று. 1972-இல் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இவ்விருப்புப் பாதையைப் போடுவதிலும் பேணுவதிலும் தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் பெரும் பங்கு கொண்டனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் தமிழர் வாழும் பகுதியாக வளர்ந்தது. அங்கிருந்து கடல் வரை தண்டவாளம் நேராகச் சென்றது. ஆனால் அவ்வண்டிகள் கடற்காற்று வாங்கச் செல்வோரை எண்ணி ஓட்டப்பட்டவை அல்ல. கடலை நோக்கி ஈயமும் பின்னர் ரப்பரும் சென்றன. கடலிலிருந்து அரிசியும் ஆள்களும் வந்தன.

காய்ச்சலை வென்ற கால்வாய்

கடற்கரை என்றதும் இன்று வெயிலும் காற்றும் நலமும் நினைவிற்கு வருகின்றன. 1901-இல் கிள்ளான் கடற்கரை என்றால் நினைவிற்கு வந்தது மலேரியாக் காய்ச்சல். கண்டல் காடும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில் எழுந்த புதிய துறைமுகம், திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சலால் நிலைகுலைந்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்று கருதும் அளவிற்கு நிலைமை முற்றியது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டப் பணிக்கு வந்திருந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றினை ரொனால்டு ராஸ் இந்தியாவில், செகந்தராபாத்தில், 1897-இல் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் புதிய அறிவை வாட்சன் இங்கே செயற்படுத்தினார். காட்டை அழித்து வெயில் படச் செய்தனர்; கரையெடுத்துக் கடல்நீரைத் தடுத்தனர்; கால்வாய் வெட்டித் தேங்கிய நீரை வடித்தனர். சில ஆண்டுகளில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் பெரிதும் அடங்கியது. கொசுவின் பிறப்பிடத்தை ஒழித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு உலகம் எடுத்துக் காட்டும் முன்னோடிச் செயல்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. கடலோரத் தாழ்நிலத்தில் நிழலை விரும்பும் கொசுவை வெயில் விரட்டியது. குன்றுப் பகுதிகளிலோ, காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகியது. தாழ்நிலத்தில் நோயைத் தீர்த்த முறையே மேட்டு நிலத்தில் நோயை வளர்த்தது. அங்கு வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பலர் அதற்கு இரையாயினர். நிலத்தடி வடிகால் அமைத்தல், நீர்மேல் எண்ணெய் தெளித்தல் போன்ற வேறு முறைகளை வாட்சன் அங்கே கையாள வேண்டியிருந்தது. இன்று மாணவர்கள் அச்சமின்றி உலவும் இந்நிலம், மருத்துவ அறிவாலும் மண்வெட்டி பிடித்த கைகளாலும் மீட்கப்பட்ட நிலமாகும்.

தோட்டத்தின் எல்லை

ரப்பர் விலை ஏற ஏறக் கிள்ளான், கோல லங்காட், கோல சிலாங்கூர் மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை வழி ஆள் சேர்ப்பது அதற்குப் பின்னும் தொடர்ந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்காமிலோ இறங்கி, தடுப்பு முகாமில் தங்கி, பின்னர் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பலின் பெயரைப் பழைய தலைமுறையினர் உறவினர் ஒருவரின் பெயரைப் போலச் சொல்லுவர். உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது.

கப்பலிலிருந்து இறங்கியவன் கடலைக் கண்டது அன்று ஒருநாள். அதன்பின் அவன் உலகம் தோட்டத்தின் எல்லைக்குள் அடங்கியது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தல், பால்மரம் வெட்டுதல், பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டு சேர்த்தல், மாலையில் லயத்திற்குத் திரும்புதல் என நாள்கள் சுழன்றன. குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தனர்; பின்னர் தோட்டத்துப் பள்ளியில் பயின்றனர். கடையும் கோயிலும் கள்ளுக்கடையும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. வெளியே செல்லத் தேவையில்லாதவாறு எல்லாம் உள்ளே அமைந்தன என்பது ஒரு வகையில் வசதி. மற்றொரு வகையில் சிறை.

திருவிழா ஒன்றே இவ்வேலியைத் தாண்டும் வழியாக இருந்தது. பத்து மலையில் 1892 முதல் நடைபெற்று வரும் தைப்பூசம் தோட்டத் தொழிலாளர்க்கு வழிபாடாக இருந்ததோடு, ஆண்டிற்கு ஒருமுறை உறவினரைக் காணவும், ஊர் பார்க்கவும், பிள்ளைகளுக்கு ஊதுகுழலும் வளையலும் வாங்கித் தரவும் வாய்த்த பயணமாகவும் இருந்தது. இந்திர விழாவின் முடிவில் கடலாடச் சென்ற புகார் மக்களைப் போல, இவர்களும் விழாவை முன்னிட்டே உலகைக் கண்டனர்.

மிதிவண்டியும் மானமும்

1941-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் தொடங்கி மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றில் தனியிடம் பெற்றது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் ஆகியோர் இதனை முன்னின்று நடத்தினர். சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம் வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. ஆனால் கோரிக்கைப் பட்டியல் அத்துடன் நிற்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க மருத்துவ வசதி, பெண்களுக்கு இழைக்கப்படும் தீங்குகளுக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், கூடிப் பேசும் உரிமை ஆகியவை அதில் அடங்கியிருந்தன.

அப்பட்டியலில் இரண்டு கோரிக்கைகள் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியவை. ஒன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்கு வந்து செல்ல வேண்டும் என்பது. மற்றொன்று, துரையோ கிராணியோ எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது.

மிதிவண்டிக் கோரிக்கை மேலோட்டமாகப் பார்ப்போர்க்குச் சிறியதாகத் தோன்றலாம். வயிற்றுப் பசிக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். ஒரு தொழிலாளி தன் உழைப்பால் வாங்கிய முதற்பெரும் உடைமை பெரும்பாலும் மிதிவண்டியே. நடந்து சென்றவனுக்கு அடுத்த தோட்டம் தொலைவு. மிதிவண்டி வைத்திருந்தவனுக்கோ கிள்ளான் நகரமே அண்மை. தன் விருப்பப்படி ஓரிடத்திற்குச் செல்லலாம் என்னும் உணர்வை அவனுக்கு முதலில் தந்தது அவ்வூர்தி. அதிலிருந்து இறங்கி நின்றபோது அவன் இறங்கியது இருக்கையிலிருந்து மட்டுமன்று, மனிதன் என்னும் நிலையிலிருந்துமாகும். எனவே அவன் கேட்டது வண்டி ஓட்டும் சலுகையன்று. வழியில் தலைநிமிர்ந்து செல்லும் உரிமை.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். கைதினை எதிர்த்துக் கிளர்ச்சி பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது, ஆனால் அதன் பட்டியல் மறையவில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் ஓய்வும் உலாவும் தாமாக வந்தவை அல்ல. இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841-இல் முதன்முதலாக இரயில் ஏற்பாடு செய்து மக்களை அழைத்துச் சென்றது ஒரு மதுவிலக்குக் கூட்டத்திற்கே. மதுவை விட்ட தொழிலாளிக்கு மாற்றாக நல்லதொரு பொழுதுபோக்கு வேண்டும் என்பது அதன் நோக்கம். பிரான்சு நாட்டில் 1936-இல் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பின்னரே தொழிலாளர்க்கு ஆண்டிற்கு இரு வாரம் ஊதியத்துடன் விடுமுறை கிடைத்தது. அவ்வாண்டுக் கோடையில் அந்நாட்டுத் தொழிலாளர் பலர் தம் வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். ஐந்து ஆண்டுகள் கழித்துக் கள்ளுக்கடையை மூடுக, வழியை விடுக எனக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் எழுப்பிய குரல் அவ்வுலகக் குரலின் ஒரு பகுதியே.

மோரிப் கரையில் ஒரு காலை

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். தோட்டங்கள் நிலைகுலைந்தன. சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் திரும்பவில்லை. விரும்பிய பயணத்திற்கு வழியற்றிருந்த மக்கள்மீது விரும்பாத பயணம் சுமத்தப்பட்டது.

ஜப்பான் சரணடைந்தபின், 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், கோல லங்காட் மாவட்டத்திலுள்ள மோரிப் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. இந்தியப் படைப்பிரிவுகளே அவற்றுட் பெரும்பகுதி. போருக்கெனத் தீட்டிய திட்டம் போர் முடிந்தபின் நிறைவேறியது. வரைபடத்தில் உறுதியாகத் தோன்றிய கரை உண்மையில் சேறாக இருந்தமையால் ஊர்திகள் பல அதில் புதைந்தன. எதிர்ப்பு இருந்திருப்பின் பேரழிவு நேர்ந்திருக்கும் என்பர் போர் வரலாற்றாசிரியர். அத்தரையிறக்கத்தை நினைவுகூரும் சின்னம் மோரிப்பில் உள்ளது.

கடல் வற்றும்போது மோரிப்பில் நீர் நெடுந்தொலைவு பின்வாங்கும். பரந்த சேற்று வெளியில் சிப்பி பொறுக்கும் சிறுவர், படையின் ஊர்திகளை விழுங்கிய சேறு இதுவே என்று அறியின் அக்கரை அவர்களுக்குப் புதிய பொருள் தரும்.

முள்வேலிக்குள் ஒரு கிராமம்

போர் ஓய்ந்த மூன்றாம் ஆண்டில், 1948 ஜூன் திங்களில், மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு செல்லாதவாறு தடுக்க, 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டப்படி, சிதறி வாழ்ந்த மக்கள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்குள் குடியமர்த்தப்பட்டனர். தோட்ட லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. ஊரடங்கு நேரம், வாயிலில் சோதனை, அளந்து தரும் அரிசி ஆகியவை வாழ்வின் பகுதியாயின.

இன்று ஸ்ரீ கெம்பாங்கான் என வழங்கும் ஊர், அவ்வாறு எழுந்த செர்டாங் பாரு என்னும் புதுக்கிராமத்திலிருந்து வளர்ந்ததாகும். அதில் குடியேறியோர் பெரும்பாலும் சீனர். சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்தோருள் தமிழர் மிகுதி. தோட்டத்துத் தமிழனும் கிராமத்துச் சீனனும் மாலையில் வாயில் மூடும் ஓசையை ஒருங்கே கேட்ட காலம் அது. வெளியில் செல்லும் உரிமை ஓர் இனத்தின் குறையாக மட்டும் இருக்கவில்லை என்பதை இவ்வூர் வரலாறு உணர்த்துகின்றது.

சட்டமும் சங்கமும் திறந்த வழி

அவசரகாலத்தின் நடுவிலேயே மாற்றங்கள் தோன்றின. 1948 டிசம்பரில் ஐக்கிய நாட்டு மன்றம் வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 24-ஆவது விதி, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் மனிதனின் உரிமை எனக் கூறியது. மலாயாவில் தோட்டத் தொழிற்சங்கங்கள் 1954-இல் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அவர்கள் அதன் தலைவர்களுள் முதன்மையானவர். 1955-இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டம், வாரத்தில் ஒருநாள் ஓய்வையும் ஊதியத்துடன் கூடிய பொது விடுமுறைகளையும் எழுத்தில் வகுத்தது. 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது.

இதன்பின்னரே தோட்டத்திலிருந்து கடற்கரைக்கு ஒருநாள் சென்று வருதல் என்பது இயல்பான வழக்கமாயிற்று. தோட்ட லாரியிலும் வாடகைப் பேருந்திலும் மக்கள் மோரிப்பிற்கும் போர்ட் டிக்சனுக்கும் சென்றனர். சாப்பாட்டுப் பாத்திரங்களில் புளிச்சோறும் துவையலும் சென்றன. மரநிழலில் பாய் விரிந்தது. சேலையுடன் கடலில் இறங்கிய தாய்மார் அலையைக் கண்டு அஞ்சிச் சிரித்தனர். பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளில் கடற்கரைக்குச் சென்ற ஒருநாள் என்பது நிலைத்த தலைப்பாயிற்று. அத்தலைப்பினை எளியதென எள்ளுதல் எளிது. ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் எழுதியிருக்க முடியாத கட்டுரை அது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வழி திறந்த சில ஆண்டுகளிலேயே தோட்டங்கள் கரையத் தொடங்கின. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புப் பகுதியாயிற்று. 1998-இல் திறக்கப்பட்ட சிப்பாங் பன்னாட்டு விமான நிலையமும், பிராங் புசார் தோட்ட நிலத்தில் எழுந்த புத்ராஜெயாவும் பல தமிழ்க் குடும்பங்களை இடம் பெயர்த்தன. வெளியே செல்லும் உரிமை பெற்றோர், திரும்பி வந்து சேரும் தோட்டத்தை இழந்தனர். சுற்றுலாவின் இன்பத்தைப் பேசும்போது இவ்விழப்பையும் உடன் கூறுவதே நேர்மையாகும்.

இன்று காணத்தக்க இடங்கள்

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து புறப்படும் மாணவர் கூட்டம் ஒன்று, தன் ஊரிலேயே பாடத்தைத் தொடங்கலாம். உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் எனப் பெயர் பெற்ற ஹோங் பாட் சுரங்கம் இன்று மைன்ஸ் ஏரியாக நீர் நிரம்பி நிற்கின்றது. படகில் செல்வோர் தம் காலடியில் ஆழ்ந்திருப்பது நாட்டின் பழைய செல்வம் என்பதை அறிதல் வேண்டும். கடலில்லாத ஊர் சுரங்கக் குழியைக் கடலாக்கிக் கொண்டது என்று நயமாகவும் கூறலாம்.

செர்டாங் நிலையத்தில் இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள சென்ட்ரல் நிலையத்தில் வண்டி மாறினால், போர்ட் கிள்ளான் வரை செல்லலாம். ஈயமும் ரப்பரும் ஆள்களும் சென்ற பழைய தடம் இதுவே. கிள்ளானில் இறங்குவோர் ராஜா அப்துல்லாவின் கிடங்கையும், மேலே ஊர்தியும் கீழே மனிதரும் செல்லுமாறு அமைந்த கோத்தா பாலத்தையும் காணலாம். அரச நகரான கிள்ளான் 2024-இல் மாநகரத் தகுதியும் பெற்றது. போர்ட் கிள்ளானிலிருந்து படகேறினால், கடலில் கால் ஊன்றி நிற்கும் வீடுகளைக் கொண்ட மீனவர் ஊரான நண்டுத் தீவு எனப்படும் புலாவ் கெத்தாமை அடையலாம்.

தெற்கே ஜுக்ரா குன்று உள்ளது. தாழ்ந்த கடலோரத்தில் தனித்து நிற்பதனால் பண்டை மாலுமிகளுக்கு அது வழிகாட்டியாக விளங்கியது. போர்த்துகீசியர் அதனைப் பார்சிலார் என்னும் பெயரால் குறித்தனர். சிலாங்கூர்ச் சுல்தான் அப்துல் சமாதின் கல்லறை அங்குள்ளது. இன்று அக்குன்றின் உச்சியிலிருந்து இளைஞர் விரிகுடை கட்டி வானில் மிதந்திறங்குகின்றனர். அவர்கள் மேலிருந்து காணும் நிலத்தில் கேரித் தீவும் அடங்கும். தோட்ட முதலாளி எட்வர்டு வாலண்டைன் கேரியின் பெயரைத் தாங்கிய அத்தீவில், மரச் சிற்பத்திற்குப் பெயர் பெற்ற மா மெரி பழங்குடியினரும் தோட்டத் தமிழரும் வாழ்ந்து வந்துள்ளனர். அங்கிருந்து மோரிப் தொலைவன்று.

வடக்கே கோல சிலாங்கூரின் மலாவாத்திக் குன்று. 1784-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டார். பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் அங்கே உள்ளன. அண்மையிலுள்ள கம்போங் குவாந்தானில், இரவில் ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து அடங்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அதே மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டத்தில்தான், 1917-இல் என்றி பொக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலாயாவை வைத்து அவர் எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் புகழ் மிக்க கொங்கூர் பரிசைப் பெற்றது. மின்மினியைக் காணச் செல்லும் வழியெல்லாம் நிற்கும் செம்பனைக்கும் வரலாறு உண்டு.

ஆசிரியர் கடமை

பள்ளிச் சுற்றுலா என்பது பேருந்து, சாப்பாடு, புகைப்படம் ஆகிய மூன்றோடு முடிந்துவிடுவது கண்கூடு. பிள்ளைகள் விளையாடுதல் வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை. ஓய்வும் மகிழ்ச்சியும் போராடிப் பெற்ற பொருள்கள் எனில், அவற்றைத் துய்ப்பதும் போராடியோர்க்குச் செய்யும் மரியாதையே. கடற்கரையில் நின்று வரலாற்றுச் சொற்பொழிவு நிகழ்த்திப் பிள்ளைகளின் விளையாட்டைக் கெடுத்தல் ஆசிரியர் பணியன்று.

ஆனால் புறப்படுமுன் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். கிள்ளான் கடற்கரையின் வரைபடம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, எவர் எங்கே இறங்கினர், எங்கே வாழ்ந்தனர், எவ்வழியே சென்றனர் எனக் குறிக்கலாம். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள முதியோரிடம் மூன்று வினாக்களை எழுதி விடை பெற்று வரச் சொல்லலாம்: குடும்பத்தில் முதலில் இந்நாட்டிற்கு வந்தவர் எந்தத் துறையில் இறங்கினார்? எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்? முதன்முதலில் கடற்கரைக்கு உலாவச் சென்றது எப்போது? மூன்றாம் வினாவுக்கு வரும் விடை பல வீடுகளில் முதலிரண்டிற்கும் நெடுநாள் பிந்தியதாக இருக்கும். அந்த இடைவெளியில் அடங்கியிருப்பதே பாடநூலில் எழுதப்படாத தமிழர் வரலாறு.

இவ்விடைகளைச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தோட்டங்களின் பெயர்கள் சாலைப் பலகைகளிலிருந்தும் மறைந்து வருகின்றன. ஆவணக் காப்பகங்கள் துரைமார் எழுதிய அறிக்கைகளைக் காத்து வைத்துள்ளன. தொழிலாளியின் சொல்லைக் காத்து வைக்கும் காப்பகம் அவன் பேரப்பிள்ளையின் ஏடாகத்தான் இருக்க முடியும்.

கிள்ளான் ஆற்று முகத்தில் கப்பலிலிருந்து இறங்கியவன் கடலுக்கு முதுகு காட்டி உள்நாட்டை நோக்கி நடந்தான். அவனுடைய மகன் மிதிவண்டியில் தலைநிமிர்ந்து செல்லும் உரிமையைக் கேட்டான். அவனுடைய பேரன் ஓய்வு நாளில் மோரிப் கரையில் பாய் விரித்து அமர்ந்து கடலை நோக்கினான். கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று அதே கரைக்குப் பேருந்தில் செல்கின்றனர். கடலை நோக்கித் திரும்பிய அந்தப் பார்வை எவ்வளவு விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லும் கடமை தமிழாசிரியரைச் சார்ந்ததாகும்.